சித்தியின் கழுத்தில் இரண்டு புள்ளி

இப்போது வருகிற ரத்தக் காட்டேரிகளைப் பார்த்தீர்களா? கல்லூரிக்குப் போகின்றன. தலைமுடிக்கு என்னவோ தடவி நிறுத்தி வைத்திருக்கின்றன. கடிக்க வேண்டிய பெண்ணைக் கடிக்காமல் மழையில் நின்று காதல் வசனம் பேசுகின்றன. என் மகள் போனில் அப்படி ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பாகம் பார்த்தேன், மூன்றாவதில் தூங்கிவிட்டேன். என் வயதுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நாம் பார்த்த காட்டேரிக்கு முன்னால் இதெல்லாம் ஒரு காட்டேரியா? நம்முடையது ஒரு தடவை வந்தால் மூன்று நாளைக்கு யாரும் தனியாகக் கொல்லைப் பக்கம் போகமாட்டோம்.

இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊரில், காட்டேரி விஷயத்தில் பத்து வயதிலேயே நான்தான் கடைசிப் பேச்சு. எது கடித்தால் எந்த இடத்தில் தழும்பு வரும், கடிபட்டவள் எத்தனை நாளில் வெளுப்பாள், எல்லாம் விரல் நுனியில். அந்தக் கோடை முழுக்க அதைச் சொல்லித்தான் பெரிய மனுஷியாகத் திரிந்தேன். அந்தப் பெருமையில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் முதல் டிவி என் பெரியப்பா வாங்கியது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிய கையோடு கள்ளக்குறிச்சிக்குப் போய், வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தார். கருப்பு வெள்ளைதான். மரப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் இழுப்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு, சாவி பெரியம்மாவின் இடுப்பில். போட்டு அரைமணி ஆனால் சூடாகி ஒரு வாசனை வரும், சுட்ட தூசியும் மரப் பாலிஷும் கலந்த மாதிரி. அந்த வாசனை எனக்கு இன்னும் எங்காவது பழைய ரேடியோ ரிப்பேர் கடையைத் தாண்டும்போது வருகிறது. ஆன்டெனாவை மலைப் பக்கம் திருப்பினால்தான் புள்ளிகள் அடங்கி மனித முகம் தெரியும்.

யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதை யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரியப்பா நாற்காலியில். வீட்டுப் பெண்கள் பாயில். எங்கள் தெருப் பிள்ளைகள் தரையில். காலனியிலிருந்து வருகிறவர்கள் வெளியே களத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அந்த ஜன்னலிலிருந்து பெட்டியின் இடது பாதி மட்டும்தான் தெரியும். கதாநாயகி வலது பக்கம் நகர்ந்துவிட்டால் அவர்களுக்கு வெறும் சுவர்தான்.

அப்படி நிற்கிறவர்களில் முதல் ஆள், எங்கள் வயலுக்கு நடவுக்கு ஆள் கூட்டிவரும் அக்கா. முப்பது வயதிருக்கும். நல்ல உயரம், வெற்றிலைச் சிவப்பு உதடு, வரப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் அடுத்த ஊர்க்காரன் திரும்பிப் பார்ப்பான். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், 'வா, போ' தான், பத்து வயது நான் உட்பட. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதனால் இங்கே நடவுக்கார அக்கா என்றே எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் அவர் என்னைத் தேடி வருவார். "பாப்பா, அந்தப் பக்கம் இன்னா நடந்துச்சு? அவ ஓடுனா, அதுக்கு மேல எனக்குத் தெரியல." நான் மீதிப் பாதியைச் சொல்வேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார். கதை கேட்க அவ்வளவு நல்ல ஆள் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு இந்தித் தொடர் வரும். வாரம் ஒரு பேய்க்கதை. அந்தக் கோடையில் தொடர்ந்து சில வாரம் நீளமான பல்லும் கருப்புப் போர்வையுமாக ஒருத்தன் வந்தான். இந்தி யாருக்கும் தெரியாது. அதே வீட்டில் இருந்த என் சித்தப்பா உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்கு வேலைக்குப் போய்வந்தார். வடக்கே போகிற லாரிகளுக்கு ரசீது எழுதுகிறவர் என்பதால் இந்தி தனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொள்வார். அவர்தான் எங்களுக்கு விளக்கம்.

"இதான் காட்டேரி," என்றார் முதல் வாரமே.

பெரியம்மா வெடுக்கென்று திரும்பினார். "காட்டேரி பொம்பளடா. இது இன்னா மீசை மழிச்ச ஆம்பளயா கீது?"

"நம்ம ஊர்ல பொம்பள, அண்ணி. வெளியூர்ல ஆம்பள."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உங்களில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காட்டேரி எங்களுக்கு வெறும் பேயில்லை, கும்பிடுகிற தெய்வம். வீட்டு மருமகள் மாசமாக இருந்தால் ஏழாம் மாதம் காட்டேரிக்குப் படையல் போட்டே ஆகவேண்டும். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, கொழுக்கட்டை, கருப்பு வளையல் எல்லாம் முறத்தில் வைத்து, உச்சி வேளையில் ஊர் எல்லைக்கு எடுத்துப்போவார்கள். பெண்கள் மட்டும்தான் போகலாம். படைத்ததை அங்கேயே தின்றுவிட்டு, மிச்சத்தைப் புதைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். காட்டேரிக்கு மனம் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தைக் குடித்துவிடுவாள் என்பது நம்பிக்கை. அப்படிப்பட்ட வீட்டில்தான் சித்தப்பா டிவியைக் காட்டிக் காட்டேரி என்று சொன்னார்.

சித்தப்பாவின் மனைவிக்கு, என் சித்திக்கு, அப்போது ஆறாம் மாதம். எலவனாசூர்கோட்டைப் பெண். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. வீட்டில் எல்லோரும் அவர் நடக்கிற தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஆனால் காட்டேரி பார்க்கிறபோது அவரைப் போல ரசிக்க ஆள் கிடையாது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "கடிச்சிட்டானா, கடிச்சிட்டானா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு அவர் மேல் உயிர். வீட்டில் என்னைச் சின்னப் பெண் என்று தள்ளாமல் பேசுகிறவர் அவர் ஒருத்தர்தான்.

மசக்கைக்காரி என்ன கேட்டாலும் மறுக்கக் கூடாது இல்லையா? மற்றவர்கள் மாங்காய் கேட்பார்கள். என் சித்தி முழுசாக ஒரு காட்டேரிப் படம் கேட்டார். சித்தப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து வாடகைக்கு ஒரு வீடியோ டெக்கும் கேசட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தாராம். மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டோம். அது அந்தக் காலத்து ஆங்கிலப் படம், எங்கள் அம்மாக்கள் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. பனிமூட்டம், பெரிய பங்களா, அதில் தனியாக ஒரு சீமான்.

"இவன் ஜமீன்தாரு," என்றார் சித்தப்பா. "பகல்ல தூங்குவான்."

"நம்ம ஊர் ஜமீன்தாரும் அப்டித்தான் இருந்தாராம்," என்றார் பெரியம்மா. பெரியப்பாகூடச் சிரித்தார்.

அதில் ஒரு பெண் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போவாள். சோறு வேண்டாம் என்பாள், படுத்தே கிடப்பாள். டாக்டர் வந்து அவள் கழுத்துத் துணியை விலக்கினால் இரண்டு புள்ளி. பிறகு ஒருவன் கையிலிருந்து அவள் கைக்குக் குழாய் வைத்து ரத்தம் ஏற்றுவார்கள். கருப்பு வெள்ளைப் படம், ரத்தம் மை மாதிரி ஓடியது. ஜன்னலிலிருந்து நடவுக்கார அக்காவின் குரல் கேட்டது: "அடியாத்தீ, ஆளுக்கு ஆளு ஊத்துறாங்க!" அது இடது பக்கம் நடந்த காட்சி. அவருக்கு முழுசாகத் தெரிந்திருந்தது.

அந்தப் படத்துக்கு இரண்டு வாரம் கழித்துச் சித்தி வெளுக்க ஆரம்பித்தார்.

வெளுத்தது அதற்கு முன்னாலேயே இருந்திருக்கும். நாங்கள் பார்க்க ஆரம்பித்தது அப்போது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினார். சோற்றை ஒதுக்கிவிட்டுப் பச்சரிசியை மென்றார். அடுப்படியில் சுட்ட மண்ணைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். "யார்கிட்டயும் சொல்லாதடி" என்றார். ஊருக்கு வாரம் ஒரு முறை வரும் நர்சம்மா களத்து வெளிச்சத்தில், நடவுக்கார அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, சித்தியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"ரத்தமே இல்லைங்க. இந்த மாத்திரைய விடாம குடுங்க. வியாழக்கிழமை கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கினு வாங்க, ரத்தம் பாக்கணும். தள்ளிப் போடாதீங்க."

நர்சம்மா தெரு திரும்பியதும் பெரியம்மா மாத்திரையை எடுத்து மாடத்தில் வைத்தார். அதைத் தின்றால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்பது அவர் கணக்கு. ஆனாலும் வியாழக்கிழமை போவது என்று முடிவாகியிருந்தது. சித்தப்பா லீவு கூடச் சொல்லிவிட்டார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். போவது என்றுதான் இருந்தது.

புதன்கிழமை காலையில் சித்தி தலை குளித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்து ஈர முடியை முன்பக்கம் தள்ளிவிட்டார். நான் பின்னால் நின்று துவட்டிக்கொண்டிருந்தேன். கழுத்தில், தாலிக்கயிறு உரசுகிற இடத்துக்கு மேலே, இரண்டு சிவப்புப் புள்ளி. பக்கத்துப் பக்கத்தில். படத்தில் இருந்த மாதிரியே.

கோடை வேர்க்குரு. கொசு கடித்திருக்கலாம். இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது காட்டேரி மட்டும். நான் பயந்து அழவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போய், பெரியம்மா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது, கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி நின்று சொன்னேன்.

"சித்திக்கு காட்டேரி புடிச்சிருக்குது. கழுத்துல ரெண்டு பல்லு பட்டிருக்குது. சோறு தின்னல, வெளுத்துப் போச்சு, மண்ணு திங்குது. எல்லாம் சரியா இருக்குது."

மண் தின்கிறது என்பதையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பெரியம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ஆமாம், நிம்மதிதான். ரத்தம் இல்லை என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. காட்டேரி என்றால் தெரியும்.

"மாசமா இருக்கறவ அத்தப் போயி டிவில பாத்தா? காட்டேரிக்கு மனசு நொந்து போச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரி வேணாம். வெள்ளிக்கிழமை உச்சிக்குப் படையலப் போட்டுடலாம்."

சித்தப்பா ஏதோ சொல்லப் பார்த்தார். பெரியப்பா, "எல்லாம் நீ கொண்டாந்த கேசட்டால வந்தது" என்றார். டிவிப் பெட்டி பூட்டப்பட்டது. வியாழக்கிழமை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. சித்திக்குக் கருப்புச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள், முகம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி தெரிந்தது. நடவுக்கார அக்கா தண்ணீர்க் குடத்தையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளி வந்தார். எல்லை ஓடையில் தண்ணீர் இல்லை, கொதிக்கிற மணல். பெரியம்மா முறத்தை வைத்துக் கற்பூரம் ஏற்றினார். சித்தி கும்பிடக் கையைத் தூக்கினார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். கருவாட்டுக் குழம்புச் சட்டி கவிழ்ந்து மணலில் ஊறியது.

பெண்கள் எல்லோரும், காட்டேரி இறங்கிவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நானும்தான். நடவுக்கார அக்கா மட்டும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எங்கள் வீட்டுப் பெண்களை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. வந்தவர் சித்தியைத் தூக்கி மடியில் போட்டு, நர்சம்மா செய்த மாதிரியே கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"சாமி இல்லைங்கம்மா இது! ஒடம்புல ஒண்ணுமே இல்லைங்க. நர்சம்மா அன்னிக்கே சொன்னாங்களே! வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க!"

பெரியப்பாவின் டிராக்டர் டிப்பரில் வைக்கோலைப் போட்டுச் சித்தியைக் கிடத்தினார்கள். நடவுக்கார அக்காதான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், வேறு யாருக்கும் அந்த மாதிரி பிடிக்கத் தெரியவில்லை. நான் யார் சொல்லியும் இறங்கவில்லை. கள்ளக்குறிச்சி வருகிற வரைக்கும் சித்தியின் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை திரும்பிப் பிடிக்கவில்லை. 'நான் சொன்னதால்தான், நான் சொன்னதால்தான்' என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே கேட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுருக்கமாகச் சொன்னார். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை, கூட வந்தவர்களில் யார் கொடுக்கிறீர்கள்? டிப்பரில் கூடவே வந்திருந்த சித்தப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் ரத்தம் சேரவில்லை. அடுத்து எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். ஊரில் அவரைப் போல உடம்பு யாருக்கும் கிடையாது.

"எனக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வரும்," என்றார் பெரியப்பா. "ஊருக்குப் போயி யாரையாச்சும் கூட்டிக்கினு வரேன்." வெளியே போய்விட்டார். நான் அவரைத் திட்டவில்லை. அந்தக் காலத்து ஆண்கள் அப்படித்தான், ஒரு சொட்டு போனால் திரும்பி வராது என்று நினைத்தார்கள். ஆனால் போனார் என்பதும் உண்மைதான்.

நடவுக்கார அக்கா கதவோரம் நின்றிருந்தார். சேலை முழுக்க வைக்கோல். "அம்மா," என்று டாக்டரைக் கூப்பிட்டார். "அது கொழாய் வெச்சு ஏத்துறதுதானே? படத்துல பாத்தேன். எனக்கு எடுத்துப் பாருங்க."

சேர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி பாட்டிலில் அதைத் தொங்கவிட்டார்கள். கோடை முழுக்க ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது அவ்வளவு சிவப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கியது. சாயங்காலம் சித்தியின் விரல் என் விரலை லேசாக இறுக்கியது. நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நாலு நாள் கழித்து ஊருக்குத் திரும்பினோம். வழியில், சித்தி வைக்கோலில் தூங்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா டிராக்டரை நிறுத்தி நடவுக்கார அக்காவிடம் மெதுவாகப் பேசினார். "நடந்தது நடந்துபோச்சு. யாரு ரத்தம்னு ஊர்ல சொல்லிக்கினு இருக்காத. அந்தப் பொண்ணுக்கும் தெரிய வேணாம். இன்னா?"

"சரிங்க ஐயா," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். பெரியப்பாவும் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். சித்தியைக் கொல்லப் பார்த்த வாய் இது, இனி திறக்கவே கூடாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

இரண்டு மாதம் திறக்கவில்லை. என்னைத் தெரிந்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பள்ளிக்கூடம் திறந்து, என் கூட்டாளிகள் காட்டேரி பற்றிக் கேட்டபோதுகூட எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மாத்திரையை மட்டும் தினமும் நானே மாடத்திலிருந்து எடுத்துப்போய்ச் சித்திக்குக் கொடுத்தேன். பிள்ளை ஒன்றும் கருப்பாகப் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் என்ன? இப்போது அவன் கள்ளக்குறிச்சியில், மாவட்டமான பிறகு வந்த ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறான், என்னைவிட அதிகமாக நரைத்துவிட்டான்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. எலவனாசூர்கோட்டையிலிருந்து சித்தியின் வீட்டார் சீர்த்தட்டோடு வந்திருந்தார்கள். சித்தி மணையில் உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் சந்தனம், முகத்தில் பழைய நிறம். பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து கண்ணாடி வளையல் போட்டார்கள். சித்தியின் அப்பா பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய மாப்ள, எம்பொண்ணு உசுரோட குந்திக்கினு இருக்குதுன்னா உங்க குடும்பத்தாலதான். ரத்தம் குடுத்த புண்ணியவான் யாருங்க?"

பெரியப்பா ஒரு நிமிடம் தயங்கினார். தயங்கியதை நான் பார்த்தேன். "வூட்டு ஆளுங்க இருக்கறப்ப வெளியில தேடுவாங்களா? நான்தான் குடுத்தன்."

அந்த மனிதர் குனிந்து பெரியப்பாவின் காலைத் தொடப் போனார். சித்தியும் மணையிலிருந்தே கைகூப்பினார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மாட்டுத் தொட்டியில் நடவுக்கார அக்கா தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். இறைப்பதை நிறுத்தவில்லை.

என்னால் முடியவில்லை. "பொய்!" என்று கத்தினேன். "பெரியப்பா மயக்கம் வரும்னு வெளியில போய்ட்டாரு. ரத்தம் குடுத்தது அவங்க." தொட்டிப் பக்கம் கையைக் காட்டினேன்.

பெரியம்மா விட்ட அறையில் காது ரீங்காரம் போட்டது. அந்த அறைக்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. அந்தக் கோடையில் நான் பேசியதிலேயே சரியான பேச்சு அதுதான். பேசவேண்டிய நாளில் பேசினேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

சித்தி தன் கணவரைப் பார்த்தார். "நெசமா?"

"ஆமா," என்றார் சித்தப்பா.

சித்தி தாம்பாளத்திலிருந்து ஒரு கொத்து வளையலை எடுத்தார். இடுப்பில் ஒரு கையை ஊன்றி எழுந்தார். யாரோ, "மணைய விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்றார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, படி இறங்கி, களத்தைத் தாண்டி, தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று வளையலைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"எனக்கு நீங்க போடுங்க."

நடவுக்கார அக்கா வாசலில் நின்ற பெரியப்பாவைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். "வேணாங்க சின்னம்மா. கையெல்லாம் ஈரமா கீதுங்க."

"ஈரமா இருந்தாத்தான் வளையல் சுலுவா ஏறும்," என்றார் சித்தி. "போடுங்க."